முதலில் பிரிந்த கிளை

அன்று அறையில் இருந்தவர்கள்: பேச வந்த பேராசிரியர். முன்வரிசையில் வயதான வெள்ளைக்காரப் பெண்கள் இருவர். கோட்டைக் கழற்றாத ஒரு மனிதர். சென்னையிலிருந்து படிக்க வந்த ஒரு பெண். கதவடியில், நாற்காலி அடுக்குகிற நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்லூரியில் எனக்குப் பகல் ஷிப்ட். கிங்ஸ்பரியில் ஒரு அறையில் தனியே இருந்தேன். சட்டைப்பையில் தங்கையின் கடிதம். டொராண்டோவில் வீடு வாங்கப் போகிறார்கள். நீங்களும் வந்து எங்களோடு இருங்கோ, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தாள்.

எண்பத்து நாலில், சண்டைக்குள் இருந்த ஊரை விட்டு முதலில் வெளிக்கிட்டவன் நான்தான். அம்மாவும் தம்பிமார் மூவரும் தங்கைமார் மூவரும் ஷெல்லடிக்குள் வருடக்கணக்காகக் கிடந்து, பிறகு ஒன்றாகக் கனடா போனார்கள்.

முந்தின வருடம் அவர்களிடம் போய் மூன்று கிழமை நின்றேன். ஒருநாள் காற்றில் கதவு அடித்தது. உடனே அம்மா "ஒண்டு" என்றார். பெரிய தம்பி "ரெண்டு." வயதுப்படி ஏழுவரை போய், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷெல் விழுந்தபின் பங்கர் இருட்டில் ஆள் இருக்கா என்று எண்ணிய பழக்கம்.

"அண்ணைக்கு நம்பர் இல்லை" என்றாள் கடைக்குட்டி.

நானும் சிரித்தேன். தனியே இருந்து இருந்து, வீட்டு ஆளாக இருக்கிற பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். அதனால் கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

அன்று பேராசிரியர் பலகையில் மொழிகளின் குடும்ப மரம் ஒன்று வரைந்தார். அடியிலேயே ஒரு கிளை தனியே போனது.

முடிந்ததும் அந்தப் பெண் நாற்காலி மடிக்க வந்தாள்.

"என்னண்ணே, இன்னைக்குப் பேச்சுல தூங்கலையா?"

"நித்திரை வரேல்லை. அந்தத் தனிக் கிளை என்ன பிள்ளை?"

"துருக்கிப் பக்கம் களிமண் பலகையில எழுதி வச்ச பழைய மொழிங்க. ஹிட்டைட்டுன்னு ஒண்ணு. இங்கிலீஷ், இந்திக்கெல்லாம் சொந்தம். அங்க எப்படி வந்துச்சுன்னுதான் சண்டை. கருங்கடலுக்கு வடக்கேருந்து வந்துச்சுன்னு சிலர். இல்ல, அங்கேயே இருந்ததுன்னு சிலர். குடும்பத்தை விட்டு முதல்ல பிரிஞ்சது அதுதான்கிறார் சார்."

"எங்கட தமிழோ?"

"நாம அந்தக் குடும்பமே இல்லண்ணே."

"நல்லதாப் போச்சு. மற்றதுகளிலை இருக்கிற சில இலக்கணம் அதிலை இல்லையெண்டாரே. துலைச்சுப் போட்டுதோ?"

"அதுலயும் சண்டைதான். தொலைக்கலைன்னு சார் சொல்றார். அது போனப்புறம் மத்ததெல்லாம் சேர்ந்து உண்டாக்கிக்கிச்சாம். அப்ப இது அங்க இல்லையே."

"பிறகு அதுக்கு என்ன நடந்தது?"

"பேச ஆளில்லாமப் போச்சு."

கடைசி நாற்காலியை மடித்தேன்.

ஞாயிறு பின்னேரம் டொராண்டோவுக்குப் போன் எடுத்தேன். கடிதம் போட்ட தங்கைதான் எடுத்தாள்.

"என்னண்ணை, வாறியளோ இல்லையோ? ஒரு சொல்லுத்தானே!"

அங்கே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். தூரத்தில் அம்மா, "ஒண்டு." பிறகு தம்பிமார். தங்கை போனுக்குள்ளேயே தன்னுடைய நம்பரைச் சொல்லிச் சிரித்தாள். கடைக்குட்டி "ஏழு" என்று கத்தினாள்.

நான் சொன்னேன்.

"எட்டு."