சிரித்து நிறுத்திய மழை

சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வருடம் எனக்கு ஒன்பது வயது. அந்த மழையை அனுப்பியது நான்தான். இத்தனை வருடமாக இதை வெளியில் சொல்லிக்கொண்டதில்லை.

விராலிமலைக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் அந்த ஐப்பசி பாதிக்கு மேல் போயும் தூறலோடு சரி. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. ஊர் கூடிக் கொடும்பாவி இழுப்பதென்று முடிவானது. எங்கேயோ ஒரு பெரும்பாவி இருப்பதால்தான் மழை பெய்யவில்லை என்று வைக்கோலில் அவளைச் செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுதுகொண்டே போய் ஊர் எல்லையில் எரிப்பார்கள். அந்த அழுகைக்கு வானம் இரங்க வேண்டும், அவ்வளவுதான்.

நானும் போனேன். மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வர, எனக்கு மட்டும் அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. மழைக்காக இல்லை, கூட்டத்தில் என் புதுச்செருப்பு அறுந்துவிட்டது. அது யாருக்குத் தெரியும்? எதிர்வீட்டு அத்தை என் மூக்கைத் துடைத்துவிட்டு, "இந்தப் புள்ள அழுத அழுகைக்கே கண்மாய் நெறைஞ்சிரும் பாருங்க" என்றார். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மழை வந்தது. எங்களுக்கு இல்லை, சென்னைக்கு. அப்பா அங்கேதான் ஒரு பரோட்டாக் கடையில் மாஸ்டராக இருந்தார். கடைக்குப் பின்னால், தெருவை விடத் தாழ்வான ஓர் அறையில் படுத்துக்கொள்வார். முதல் நாள் பேசும்போது, "முழங்கால் தண்ணிதான், வடிஞ்சிரும். நீ பேசாம இரு" என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலையிலிருந்து அவர் போன் சுவிட்ச் ஆஃப்.

டிவி முன்னால் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவேயில்லை. பாதி மூழ்கிய ஒரே பஸ்ஸைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கைலி கட்டிய ஆள் யாராவது தண்ணீரில் நடந்தால், "அது அப்பாவான்னு பாருடி" என்பாள். நான் கிட்டே போய்ப் பார்ப்பதற்குள் படம் மாறிவிடும். எங்கள் வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டு அத்தை மிளகாய் காயப்போட்டிருந்தார். கிளம்பிப் போகலாமென்றால் ரயில் இல்லை, பஸ் இல்லை. அம்மாவால் ஆனதெல்லாம் அந்த நம்பரை அழுத்துவதும் அழுவதும்தான்.

அவள் அழ அழ, டிவியில் தண்ணீர் ஏறுகிறதா என்று நான் பார்த்தேன். நான் அழுத மழையே இன்னும் நிற்கவில்லை. இவளும் சேர்ந்துகொண்டால் அப்பா என்னாவார்? அழுதால் மழை வருமென்றால், அதை நிறுத்த வழி ஒன்றுதானே. டிவிக்கு நேராகப் போய் நின்று, அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தேன். முதலில் வரவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு அதிரச் சிரித்தேன்.

முதுகில் விழுந்தது ஓர் அறை. "அப்பா என்ன ஆனாருன்னே தெரியலை, ஒனக்கு இளிப்பு கேக்குதா?"

அழக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு அறுந்ததைக்கூட மறைக்கவில்லை. "நீ அழுகாதம்மா, அங்கிட்டு இன்னும் பேயும்" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் டிவியைப் பார்த்துச் சிரித்தாள், பல் மட்டும் தெரிகிற சிரிப்பு. நானும் சேர்ந்துகொண்டேன். சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தை, தாய்க்கும் மகளுக்கும் புத்தி பேதலித்துவிட்டதென்று பயந்து தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு அம்மா என் முன்னால் அழவில்லை. கண்ணில் நீர் கட்டினால் நான் ஒரு பார்வை பார்ப்பேன். உடனே பல்லைக் காட்டுவாள். சொன்ன பேச்சுக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை. கொல்லைக்குப் போய்வரும்போதெல்லாம் முகம் வீங்கியிருக்கும். அடுப்புப் புகை என்பாள். நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அப்பா பேசினார். யாரோ படகில் ஏற்றி ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் விட்டிருக்கிறார்கள். அம்மா "ம், ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை என்னிடம் கொடுத்தாள். "அங்க மழை விட்டுருச்சாப்பா?" என்றேன்.

"காலையிலேயே விட்டுருச்சு ஆத்தா."

வேறென்ன வேண்டும் எனக்கு? செய்தியைச் சொல்லத் திரும்பினால், அம்மா தரையில் உட்கார்ந்து, கொடும்பாவிக்குப் பின்னால் போன எந்தப் பெண்ணும் அழாத அழுகை அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பத்தாம்மா நிறுத்தியிருக்கேன். சிரி" என்று அவள் வாயை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன்.

"பேயட்டும்டி" என்றாள். "இனிமே எங்க வேணா பேயட்டும்."

எல்லாம் சரியாகிவிட்ட பிறகு இவள் எதற்கு அழுகிறாள் என்று விளங்காமல், அவளுக்கும் சேர்த்து நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.