இரட்டையர் ஆட்டத்தில் பாய் இழுத்தவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாவதோடு நின்றவள் நான், பிழை வந்தால் சிரிப்பார்களே என்ற பயம் ஒன்று. இன்னொரு தயக்கம் அதைவிடப் பெரியது. அதை முடிவில் சொல்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டை மறித்த காலம். நாங்கள் வடக்கனந்தலில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மெட்ராசில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் வேலை. மண் தரை போட்ட மைதானம். வெளிநாட்டுக்காரர்கள் பணத்துக்கு ஆடும் பெரிய போட்டி அங்கே நடக்கும். தண்ணீர் தெளிப்பது, கோடு போடுவது, ஒரு செட் முடிந்ததும் கயிறு கட்டிய கனத்த கோணிப் பாயை இழுத்துக் கால் தடங்களை அழிப்பது, இதெல்லாம் அவருக்கும் கூட இருந்தவர்களுக்கும் வேலை.

மகனுக்கு வந்த விஷக்காய்ச்சல் தீர்ந்தால் கல்வராயன் மலைக் கோயிலில் முடி கொடுப்பதாக அவர் வேண்டியிருந்தார். தலையிலும் முகத்திலும் கத்தி படாமல் வளர்த்து வந்தார். போட்டி முடிகிற அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுகிறேன், மறுநாள் மலைக்குப் போகலாம் என்று தெரிந்த கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார். நானும் பொங்கலுக்கு அரிசி களைந்து வைத்துவிட்டேன்.

விடிந்தால் அவரைக் காணோம். பால்காரர்தான் வந்தார்.

"ஏம்மா, எலவனாசூர்கோட்டையாண்ட ரோட்ட மறிக்க வெட்டுன புளியமரம், மெட்ராஸ் பஸ்ஸு மேலயே சாஞ்சிடுச்சாம்."

"எந்த பஸ்ஸுங்க?"

"ராத்திரி பஸ்ஸுன்னு பேசிக்கினாங்க. எனக்கு இன்னாம்மா தெரியும், காதுல வுழுந்தத சொல்றேன்."

கள்ளக்குறிச்சிக்குப் போய் விசாரிக்கலாமென்றால் ஒரு வண்டி ஓடவில்லை. தபாலாபீஸ் போன் செத்துக் கிடந்தது. ரோட்டு முனைக்கு ஓடினேன், திரும்பி வந்தேன். விளக்கேற்றினேன். காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினேன். மகன் சோறு கேட்டபோதுதான் உலையே வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

மத்தியானம் ரைஸ்மில்லுக்காரர் மகன் தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். கலாட்டாவினால் காலேஜை மூடிவிட்டதால் அவன் ஊரில் இருந்தான்.

"யக்கா! உங்க வூட்டுக்காரரு வேலை செய்யிற எடத்து ஆட்டத்த டிவில காட்றாங்க. நேத்து முடிய வேண்டிய டபுள்ஸ் பைனலு. மழையில நின்னுபோச்சாம், இன்னிக்கு ஆடறாங்க!"

நேற்று முடியவில்லை. அப்படியானால் அவரை விட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் பஸ் ஏறியிருக்க மாட்டார். ஆனால் பிடிவாதக்காரர், வாக்குக் கொடுத்தோமே என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தால்? செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

மில்லுக்காரர் வீட்டில் நான் வாசற்படி தாண்டியதில்லை. அன்று அந்த வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வாடி, வந்து ஒக்காரு" என்றார்.

அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் வலைக்கு முன்னால் குனிந்து, முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கிக் கூட்டாளிக்கு ஏதோ சைகை காட்டுவார். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இருவரும் வாயை மூடிக்கொண்டு ரகசியம் பேசுவார்கள். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். நான் ஓரங்களைப் பார்த்தேன். படமோ பந்தின் பின்னாலேயே ஓடியது.

"பாய் இழுக்கறவங்கள எப்ப காட்டுவாங்க தம்பி?"

"செட்டு முடியணும்க்கா. ஆறுக்கு ஆறுன்னு நிக்குது. யாரும் விட்டுக் குடுக்க மாட்டேங்கறாங்க."

இவர்கள் ஒரு பாயிண்ட், அவர்கள் ஒரு பாயிண்ட் என்று போய்க்கொண்டே இருந்தது. சாமியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "யாராவது ஒருத்தரு தோத்துத் தொலைங்களேன்!"

"இன்னாடி இவ, பெத்தவங்க பாத்துக்கினு இருப்பாங்க, அந்தப் புள்ளைங்களுக்குச் சாபம் வுடற!" என்றார் அம்மா.

ஒருவழியாகச் செட் முடிந்தது. வெள்ளைத் தொப்பியோடு இரண்டு பேர் பாயை இழுத்து வந்தார்கள். இரண்டு முகமும் வழுவழுவென்று இருந்தன. தாடி இல்லை. தாடிக்காரரை அல்லவா தேடிக்கொண்டிருந்தேன்! அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒருவர் பெருக்குகிற மாதிரி நேராக இழுத்துப் போய் நேராகத் திரும்பினார். மற்றவர் கயிற்றை இடது தோளில் போட்டுக்கொண்டு, வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்தார். மூலை வந்ததும் பின்காலால் பாயின் முனையைத் தூக்கித் திருப்பினார். நடவுக்கு முன்னால் எங்கள் கழனியில் பரம்படித்துச் சேற்றைச் சமன் செய்வது அப்படித்தான். மூலையில் மண் குவிந்தால் அவருக்குப் பொறுக்காது.

"அவருதாம்மா! அவரேதான்!"

"எங்கடி தாடி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அடப்பாவி மனுசா! சாமிக்கு வுட்ட முடிய எவன்யா எடுக்கச் சொன்னது?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். அழுகையும் கூடவே வந்தது.

"இங்கேர்ந்து திட்டுனா அவருக்குக் கேக்குமாக்கா? மிச்சம் வச்சிக்கினு, அவரு வந்ததும் திட்டுங்க" என்றான் பையன். வீடே சிரித்தது. அதற்குள் கரண்ட் போய்விட்டது. யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரோடு திறந்த பிறகு, பாதி தூரம் லாரியிலும் பாதி தூரம் நடையுமாக வந்து சேர்ந்தார். டிவியில் தெரிகிறவர்கள் முகம் மழித்தே ஆகவேண்டும் என்று மேலாளர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். அழுதுகொண்டே மழித்தாராம். மலைப் பூசாரி கோபித்துக்கொள்ளவில்லை. "வளராம எங்க போவப்போவுது? வளத்துக்கினு வாப்பா" என்றார். வளர்த்துக் கொடுத்தோம்.

மரம் சாய்ந்தது பொய்யில்லை. அந்த பஸ்ஸில் வந்த எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீடு திரும்பவில்லை. அவர் மனைவியைச் சந்தையில் பார்ப்பேன். அந்த மழையைச் சாமிதான் பெய்வித்தது என்றே நம்புகிறேன். அப்படியானால் மரத்தைச் சாய்த்தது யார் என்று அந்த அம்மா கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இத்தனை வருஷம் என் கையைப் பிடித்து வைத்தது அதுதான்.

ஆனால் நான் பேசாமல் இருக்க இருக்கக் கதை வளர்கிறது. டிவியில் அம்மனே தெரிந்தாள் என்கிறார்கள். பஸ்ஸிலிருந்து அவரை யாரோ கைப்பிடித்து இறக்கினார்கள் என்கிறார்கள். இல்லை. மழையால் ஆட்டம் தள்ளிப்போனது, அவர் அங்கே தங்கினார், பாய் இழுத்தார், நான் பார்த்தேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஒன்றும் சேர்க்காமல் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் வந்ததைச் சொல்லும் வாயால் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வராததையும் சொல்லுங்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.