செல்வி கட்டி வைத்த பை

முத்துச்செல்விக்குக் கண்ணெதிரே ஒரு குப்பை கிடக்கக் கூடாது. ஒரகடத்துக் கம்பெனியில் எனக்கு அடுத்த இடத்தில் வேலை பார்த்தவள். கீழே விழுந்த ஒயர்த் துண்டைக்கூட சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் எடுத்துவிடுவாள். ஹாஸ்டலிலும் அதே கூத்துதான். பாதி குடித்த டீயை வைத்துவிட்டுத் திரும்பினால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஷிஃப்டில் இருந்தார். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது செல்விதான். வார்டுக்கு வந்ததும் தன் வேலையை ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வைத்த துணி ரத்தத்தில் நனைய நனைய மாற்றி, நனைந்ததைச் சுருட்டிப் பையில் போட்டுக் கட்டினாள். பிள்ளை பெற்றவளுக்கு அழுக்கு ரத்தம் போகத்தான் செய்யும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வதை நம்பியிருந்தாள். நர்ஸ் கிரேசி வந்து பார்க்கும்போதெல்லாம் துணி புதிதாகவே இருந்தது.

"ரத்தம் ரொம்ப போவுதாமா?"

"இல்ல சிஸ்டர், எல்லாம் சுத்தமா இருக்கு" என்றாள் செல்வி பெருமையாக.

கொஞ்ச நேரத்தில் என் கைகால் சில்லிட்டது. கண் இருட்டியது. "ஏட்டி செல்வி, எனக்கு என்னமோ மாதிரி வருது" என்றேன். அவள் போட்ட சத்தத்தில் கிரேசி ஓடிவந்து என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"மாத்துன துணிங்கல்லாம் எங்கமா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக் கொடுத்தாள் செல்வி. தூக்கியதுமே கிரேசியின் முகம் மாறியது. "இன்னாமா இது! இவ்ளோ போயிருக்குது, கட்டி வச்சிகினு கீற!"

டாக்டர் வந்தார். ஒருவர் அடிவயிற்றைப் பிடித்துத் தேய்த்தார். கர்ப்பப்பை சுருங்க ஒரு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். உறைந்த ரத்தம் கரையாமல் நிற்க இன்னொரு ஊசியை நரம்பில் போட்டார்கள். நான் செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். குழந்தை முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

கிரேசி துணியைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தார். "கட்டுப்பட்டுடுச்சிமா. இனிமே பயமில்ல."

செல்வி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். குழந்தையும் கூடச் சேர்ந்துகொண்டது. அந்த இரண்டு சத்தமும் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் நான் குடித்த டீ கப் ஸ்டூலிலேயே கிடந்தது. எறும்பு மொய்த்தது. செல்வி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அந்தக் கப்பயாவது தூரப் போடேன்."

"சிஸ்டர் வந்து பாக்கட்டும். அதுக்கு முந்தி நான் தொடமாட்டேன்."

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மட்டும் யாரையும் கேட்காமல் துடைத்துவிட்டாள்.