செத்த செல்லும் சாகாத மீனும்

சென்ற வாரம் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. காரணம்... ஏரியில் மீன் சாகவில்லையாம்!

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் உயிரியல் ஆசிரியை. மீன் செவுளிலிருந்து எடுத்த செல்களை லேபில் வளர்க்கிறார். ஒரகடத்தில் எங்கள் தெருவை ஒட்டிய ஏரியில் ஒரு மாதமாக எண்ணெய் மினுக்கம். எங்கள் போர்வெல்களுக்கெல்லாம் அதுதான் ஊற்று.

ஏரித் தண்ணீரை வடிகட்டி அந்தச் செல்களின் மேல் விட்டார் ஸ்டெல்லா. பிறகு ஒரு நீலச் சாயம். செல் உயிரோடு இருந்தால் சாயம் இளஞ்சிவப்பாகும். செத்திருந்தால் நீலமாகவே நிற்கும்.

நல்ல தண்ணீர் விட்ட தட்டு சிவந்தது. ஏரித் தண்ணீர்? மூன்று முறை செய்தும் நீலம்!

மனுவும் ரிப்போர்ட்டுமாக மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனோம். துணைக்கு நான் — வாய் இருக்கிறதே! அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார்.

“பிஎச் கீது, டிடிஎஸ் கீது... ரெண்டும் ஓகே. ஃபார்ம்ல செல்லுக்குக் கட்டமே இல்லியே மேடம்? ஏரில எத்தினி மீனு செத்துச்சு?”

“ஒண்ணும் சாகல சார். சாகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கத்தான் இந்த டெஸ்ட்டு” என்றார் ஸ்டெல்லா.

“மீனு மெதந்தா போட்டோ எடுத்துக்கினு வாங்க. உடனே ஆக்‌ஷன்.”

“அதுக்குள்ள நாங்க மெதந்துட்டா?” என்றேன்.

“கோச்சுக்காதீங்கம்மா, ரூல்ஸ் அப்பிடி.”

மனுவில் ‘இதர’ என்று எழுதி, சீல் குத்தி, ஒரு கட்டுக்குள் செருகினார். திரும்பும்போது கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஊர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சர்ச்சிலிருந்து வந்தால், வாசலில் ஓர் ஆள். அதே அதிகாரி! கையில் ஒரு கண்ணாடி பாட்டில்.

“எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணி மேடம். ஏரிக்கு அந்தாண்டக் கரை. உங்க செல்லுல கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்.”

அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் குரலைத் தாழ்த்தினார். “பேத்திக்கு மூணு வயசு. அந்தத் தண்ணிலதான் குளிப்பாட்டறோம்.”

கோபத்தைக்கூட ஒழுங்காகப் படவிட மாட்டார்களா?

ஸ்டெல்லா பாட்டிலை வாங்கி, தேதி எழுதி வைத்தார். முந்தாநாள் ரிசல்ட். அதுவும் நீலம். நேற்று ஏரிக்கரையில் ஜீப். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, எண்ணெய் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க வரத்துக் கால்வாயில் இறங்கி நடந்தார் அதிகாரி.

பேசாமல் எல்லா அதிகாரிகளுக்கும் ஏரிக்கரையிலேயே வீடு ஒதுக்கிவிடலாம்!