பிச்சம்மாள் தட்டில் இருந்த இடது கால்

சங்கரன்கோவில் கோபுர வாசலில் பிச்சம்மாள் உரு விற்றாள். கண், கை, கால், பாம்பு, தேள் எல்லாம் தகட்டில் அடித்தவை. உடம்பில் எது நோகிறதோ அதை வாங்கி உண்டியலில் போடுவார்கள். எந்த வீட்டில் யாருக்கு எது நொந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒருவர் சங்கதியை இன்னொருவரிடம் மூச்சுவிட மாட்டாள். ஊரில் இப்படி ஒரு வாய் இருந்ததே அதிசயம்தான்.

எண்பத்தைந்தாம் வருஷம் மாசி மாதம், கரிவலம்வந்தநல்லூர் சங்கரம்மாள் வந்து ஒரு கால் கேட்டாள்.

"யாருக்குட்டி வீங்கியிருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா. மக சுப்புலட்சுமிக்கு ஏழு மாசம். முன்கூட்டியே போட்டு வைக்கேன்."

பிச்சம்மாள் விரல்விட்டு எண்ணினாள். "உங்கம்மைக்குப் பிள்ளை பெத்த பத்தாம் நாள் இடது கால் வீங்குச்சு. உங்கக்கா பெத்த கையோட கால் வீங்கி, மூச்சடைச்சுப் போயிட்டா. உன் தம்பி எலும்பு முறிஞ்சு படுத்தே கிடந்தான், அவனுக்கும் கால் வீங்குச்சு. எல்லாம் நான் குடுத்த உருதான். டாக்டரம்மாட்ட சொன்னியா?"

"கேட்டாவ. சம்பந்தியம்மா பக்கத்துல நின்னாவ. எங்க வம்சத்துல ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

"அம்மன்ட்ட சொல்லுத, டாக்டர்ட்ட மறைக்கியா?"

வியாபாரம் செய்த நாளில் முதல்முறையாக உரு தர மறுத்து, தட்டை மூடிவிட்டு, அவள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கும் சம்பந்தியம்மா கோமதியம்மாள் மருமகள் சுப்புலட்சுமியைக் காட்ட அங்கே வந்திருந்தாள். சங்கரம்மாள் மூன்று பேர் கதையையும் சொன்னாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

"மூணு பேருக்கும் கால்ல ரத்தம் உறைஞ்சுதான் வீங்கியிருக்கும். ரத்தம் சீக்கிரம் உறையுத சுபாவம் வம்சத்துல வரும்மா. அதப் பாக்குத டெஸ்ட் இங்கன கிடையாது. நீங்க சொல்லுத கதைதான் டெஸ்ட். பிரசவத்தைத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரில வச்சுக்கிடுங்க, உறையாம இருக்க ஊசி போடுவாவ. படுத்தே கிடக்கக் கூடாது."

கோமதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மொதல்லயே சொல்லப்பிடாதா? நான் இவளைப் பாயைவிட்டு எழும்பவே விடலியே! ஆனாலும் பெத்த பச்ச உடம்போட நடக்கலாமா?"

"அம்மன் ஒத்தக் கால்ல நின்னு தவசு இருந்தா. உங்க மருமக ரெண்டு கால்ல நடக்கட்டுமே," என்றாள் பிச்சம்மாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

ஆடித் தவசுக்குச் சுப்புலட்சுமி நடந்தே வந்தாள். திருநெல்வேலியில் பிறந்த பெண்குழந்தை கோமதியம்மாள் தோளில். சங்கரம்மாள் நேர்த்திக்கடனுக்கு ஒரு கால் கேட்டாள்.

பிச்சம்மாள் கொடுக்காமல் குழந்தையையே பார்த்தாள். "இவளுக்கும் வம்சம் அதானட்டி. டாக்டரம்மாட்ட சொல்லியாச்சா?"

சங்கரம்மாள் வாய் திறக்குமுன் கோமதியம்மாள், தெருவே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "நானே சொல்லிட்டேன். இவளையும் சேத்து எழுதிட்டாவ. காலைக் குடுங்க!"