கையெழுத்துப் போட்டுட்டுத் திட்டுங்க

எங்கள் அச்சகத்தில் ஓடுவது பட்டாசுப் பெட்டிக்கான லேபிள். ஊர்ச்செய்தி இணையதளம் என் கொழுப்புக்கு நானே சேர்த்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். சனங்கள் பேச ஒரு இடம் வேண்டாமா என்று செய்திகளுக்குக் கீழே கமெண்ட் பகுதியையும் திறந்துவிட்டேன்.

பேசினார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்ற செய்திக்கு வந்த முதல் கமெண்ட் என் மூக்கைப் பற்றி. இரண்டாவது, முதலாவதை எழுதியவனின் குடும்பத்தைப் பற்றி. ஒரே வாரத்தில் எவனோ விருதுநகர் எண்ணெய் வியாபாரி ஒருவரைக் கலப்படக்காரர் என்று எழுதிவைக்க, அவர் எனக்குப் போன் போட்டார். "ஏலே, எழுதுனவன் மேல இல்ல, உன் மேலதான் கேஸு."

ஐம்பது வயதில் ஜெயில் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று மனைவியிடம் கேட்டேன். "அங்கயாவது குத்தஞ்சொல்லாமத் திம்பீக" என்றாள்.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புரூஃபில், அதாவது மாதிரித் தாளில், ஆர்டர் கொடுத்த பார்ட்டி கையெழுத்துப் போடாமல் எதையும் மிஷினில் ஏற்ற மாட்டோம். பயத்தில்தான் எனக்கு மூளை ஓடும். பழைய கமெண்டையெல்லாம் அழித்துவிட்டுத் தளத்தில் அறிவித்தேன்: கமெண்ட் எழுதியவர் நேரில் வந்து, பிரிண்ட் எடுத்த தாளில் கையெழுத்தும் போன் நம்பரும் போட்டால்தான் அது வெளியாகும்.

அம்புட்டுதான். மூன்று வாரம் ஒரு ஈ காக்கை வரவில்லை. இந்தியாவிலேயே ஒழுக்கமான கமெண்ட் பகுதி என்னுடையதுதான் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

நாலாவது வாரம், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்து நின்றார். "எங்கன அண்ணாச்சி கையெழுத்துப் போடணும்?"

அவர் தளத்தில் அனுப்பியிருந்த கமெண்டைப் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். பதினைந்து பேர் போகிற ஆலை வேனில் முப்பது பேரை அடைக்கிறார்கள், கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள் என்று கம்பெனி பெயரோடு எழுதியிருந்தார். சீசன் முழுக்க எங்களுக்கு லேபிள் ஆர்டர் தருவதே அந்தக் கம்பெனிதான்.

"பேர் இல்லாமப் போட்ருவமாம்மா?"

"பேர் இல்லாட்டி நீங்கதான போட மாட்டீக?"

"நெட்டு மெதுவா இருக்கு. நாளைக்கி…"

"ஏறட்டும். நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

கையெழுத்தும் நம்பரும் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் வேறு பட்டனுக்குப் போனேன். "அது இல்ல, பக்கத்துல இருக்கது" என்றார்.

மறுநாள் கம்பெனி முதலாளி வந்தார். கார் கதவைச் சாத்திய சத்தத்திலேயே எனக்கு வேர்த்துவிட்டது.

"ஏலே, அத எடுக்கியா இல்லையா?"

"கையெழுத்துப் போட்ட பார்ட்டி சொல்லாம எடுக்க முடியாது அண்ணாச்சி."

வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது வருசப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"லேபிள் பூரா இனி வேற பிரஸ்ஸுக்கு. நீ கமெண்ட அச்சடிச்சுப் பொழச்சுக்க."

அவர் போன கையோடு அந்த அம்மாவின் நம்பருக்கு அடித்தேன். எடுக்கச் சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை. அந்த அம்மாவை ஆலை வேனில் ஏறவிடவில்லையாம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பேசினார்.

"எடுத்துரட்டுமாம்மா? உங்களுக்கும் கஷ்டம்…"

"எடுத்துப் பாருங்க. முப்பது பேரையும் அதே வேன்ல கூட்டியாந்து உங்க பிரஸ்ஸு வாசல்ல எறக்குறேன்."

கமெண்ட் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வாசலில் எந்த வேன் நின்றாலும் நான் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விடுகிறேன்.