பொங்கலோ பொங்கலுக்கு வந்த பதில்

போன வாரம் பொங்கலன்று ஒரு குரல் கேட்டேன். இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இது வேறு மாதிரி பயம்.

போர்ட் பிளேரிலிருந்து கட்சால் தீவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். ரப்பர் தோட்ட ஆபீஸில் வேலை. சுற்றிலும் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள். இங்கே வயல் இல்லை. அரிசி கப்பலில் வருகிறது. கரும்பு அதிலும் வரவில்லை. அறுவடையே இல்லாத ஊரில் அறுவடைத் திருநாள் எதற்கு?

கேட்டேவிட்டேன்.

"அரிசி கப்பல்ல வந்தா என்னாங்க சார், சூரியன் இங்கதானே மொதல்ல வருது?" என்றார் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா.

குவார்ட்டர்ஸ் வாசலில் பானை ஏறியது. விடியற்காலை. மரங்களுக்கிடையே பனி. பால் பொங்கியதும் எல்லோரும் கூவினோம் — "பொங்கலோ பொங்கல்!"

ரப்பர் மரங்களுக்கு அப்பால், மலைப் பக்கமிருந்து மெல்லிசாகத் திரும்பி வந்தது... "பொங்கலோ பொங்கல்."

"மலைக்கும் பசிக்குது போல," அக்கா சிரித்தார்.

"ஃபிர் ஸே போலோ, பாயி," என்று இந்தியில் மறுபடி கூவச் சொன்னார் வங்காளிக் கம்பவுண்டர். அவருக்கு ஒரே குஷி.

மறுபடி கூவினோம். மறுபடி பதில். கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

பிறகு இலை போட்டோம். யாரும் கூவவில்லை.

அப்போதும் வந்தது அந்தக் குரல்.

பரிமாறிய கைகள் அப்படியே நின்றன. என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "கலா எங்கேங்க?"

கலா எங்கள் மகள். ஏழு வயது. பானைக் கழுத்தில் கட்ட மஞ்சள் கொத்து இல்லையே என்று அம்மா முணுமுணுத்ததைக் கேட்டு, தேடப் போயிருக்கிறாள்.

ரப்பர் தோட்டத்துக்குள் நடந்திருக்கிறீர்களா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வரிசை, அதே மரம். அது முடிந்தால் காடு. "கலா... கலா..." என்று அலறிக்கொண்டு ஓடினேன். "அப்பா" என்று பதில் வந்தது. நான் ஓட ஓட, அது விலகிக்கொண்டே போனது.

மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்தாதீங்க. நீங்க கத்தக் கத்தத் தூரமாப் போறா."

வாயை மூடிக்கொண்டு நடந்தோம். பிள்ளையைத் தொலைத்துவிட்டுச் சும்மா நடப்பது... அதை எப்படிச் சொல்ல? காலடியில் சருகு. வேறு சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு விசும்பல்.

காட்டு ஓரத்தில், ஒரு வேர்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் பதில் சொன்னேனேப்பா. நீங்கதான் அந்தப் பக்கமாப் போய்க்கிட்டே இருந்தீங்க."

அவள் கை நீட்டிய பக்கம் மலை. நாங்கள் அவள் குரலை எதிரொலி என்று நினைத்தோம். அவள் எதிரொலியை எங்கள் குரல் என்று நினைத்து அதன் பின்னால் போயிருக்கிறாள்.

வருஷா வருஷம் கூவுகிறோம். கூவிய பிறகு ஒரு நிமிஷம் காது கொடுத்திருக்கிறோமா?

எதிரொலி என்றால் என்னவென்று கலாவுக்கு விளக்கினேன். தலையாட்டினாள். ஆனால் இந்த ஒரு வாரமாக நான் கூப்பிட்டதும் ஓடி வருவதில்லை — முதலில் கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிறாள், நான்தானா என்று.